உறங்குபவர் நடந்தால்

1959ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளுள் சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பொன்று இடம்பெற்றுள்ளது. ஒரு தாய், பிறந்து அதிக நாளாகாத தம் குழந்தையுடன் இரவில் கிணற்றிற் பாய்ந்தார் என்பது வழக்கு. குழந்தையைக் கொன்றதாகவும் தற்கொலைக்கு முயன்றதாகவும் அவர்மீது குற்றம் சாட்டப்பெற்றது. அவர் உறக்கத்தில் எழுந்து நடக்கும் நோயுடையவர் என்றும், அவ்வேளை தம் செயலை அவர் அறியவில்லை என்றும் அவர் தரப்பில் வாதிடப்பட்டது. நீதிமன்றம் அவ்வாதத்தை நகைத்து ஒதுக்கவில்லை. உறக்கநடை மெய்ப்பிக்கப்படுமாயின் அது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு கூறும் சித்தசுவாதீனமின்மையுள் அடங்கும் என்று ஏற்றது. ஆனால், வீட்டை விட்டுப் புறப்பட்டது முதல் அவர் இடையறாது உறக்கத்திலேயே இருந்தார் என்பதற்குச் சான்றில்லை என்று கூறி, அந்தப் பயனை அவருக்கு அளிக்க மறுத்தது.

சட்டம் பயில்வோர்க்கான பாடநூல்கள் இவ்வழக்கை நான்கைந்து வரிகளிற் சுருக்கிவிட்டு அடுத்த வழக்குக்குத் தாவிவிடுகின்றன. தேர்வெழுதும் மாணவனுக்கு அது போதும். செய்யுளை நிறுத்திப் படித்துப் பழகிய கண்ணுக்கு அது போதாது. அவ்வரிகளுக்குள் இரண்டு சிக்கல்கள் கிடக்கின்றன. உறக்கத்தில் நடப்பவரை எவரோடு சேர்ப்பது என்பது ஒன்று. ஊரே உறங்கும் வேளையில் நிகழ்வதற்குச் சான்று எங்கிருந்து வரும் என்பது மற்றொன்று. சட்டமும், நாடகமும், நம் ஊர்வாயும் இவ்விரண்டையும் எவ்வாறு கையாண்டுள்ளன என்று ஆராய்வதே நம் நோக்கம்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். இக்கால அரபியர் இதனை 'ஸர்னமா' என்பர். நடத்தலைக் குறிக்கும் 'ஸைர்', உறக்கத்தைக் குறிக்கும் 'நவ்ம்' என்னும் இரு சொற்களையும் செதுக்கி இணைத்த சொல் அது. பிஸ்மில்லாஹ் சொல்வதை 'பஸ்மலா' என்று ஒரு சொல்லாக ஆக்கினார்களே, அந்த இலக்கண வழிதான். தமிழில் துயில்நடை என்றும் உறக்கநடை என்றும் எழுதுகின்றனர். பேச்சில் மட்டும் இது 'தூக்கத்தில் நடக்கும் வியாதி'. இம்மூன்றிலும் உறக்கம் முதன்மையாக நிற்பதை வாசகர் கவனிக்க வேண்டும். எந்த மொழியும் இதனைப் பித்து என்று பெயரிடவில்லை. பெயரில் இல்லாத பித்து பிறகு எப்படி வந்து ஒட்டிக்கொண்டது?

மத்ரஸாவில் ஃபிக்ஹு ஓதியவர் அனைவரும் அறிந்த நபிமொழி ஒன்றுண்டு. உறங்குபவர் விழிக்கும்வரை, சிறுவர் பருவமடையும்வரை, சித்தம் கலங்கியவர் தெளியும்வரை, இம்மூவர் செயலும் ஏட்டில் எழுதப்படுவதில்லை என்பது அதன் கருத்து. இதனை ஓதிக் கொடுக்கும்போது நாம் பெரும்பாலும் 'பொறுப்பில்லை' என்ற முடிவை மட்டும் விளக்கிவிட்டுக் கடந்துவிடுகிறோம். அங்கே எண்ணப்பட்டவர் மூவர், இருவரல்லர் என்பது நின்று நோக்கத் தக்கது. உறங்குபவர் வேறு, பித்தர் வேறு. பயன் ஒன்றாயினும் காரணம் வேறு. காரணம் நீங்கும் வழியும் வேறு. ஒருவருக்கு விழிப்பு, மற்றவருக்குத் தெளிவு.

ஃபிக்ஹு நூலோர் இவ்வேறுபாட்டை ஏட்டளவில் விட்டுவிடவில்லை. உறக்கத்திற் கூறிய தலாக் செல்லாது என்றனர். உறக்கத்திற் புரண்டு பக்கத்திலிருந்தவரை நசுக்கிக் கொன்றவரைப் பற்றி ஹனபி சட்ட நூல்கள் தனியாகவே பேசுகின்றன. அது வேண்டுமென்று செய்த கொலையன்று. குறிதவறிய அம்புபோன்ற பிழையுமன்று. ஏனெனில் அம்பெய்தவனுக்கு ஏதோ ஒரு நோக்கமாவது இருந்தது, உறங்குபவனுக்கு அதுவுமில்லை. ஆகவே 'பிழையின் போக்கில் நடத்தப்படுவது' என்று அதற்கெனவே ஒரு வகையை வகுத்தனர். பழிக்குப்பழி இல்லை, ஆனால் உயிரீட்டுத் தொகை உண்டு, பரிகாரம் உண்டு. ஏட்டில் எழுதப்படாது என்றதனால் இறந்தவர் குடும்பத்தின் உரிமை அழிந்துவிடவில்லை. இந்த நுட்பத்தை இக்காலச் சட்ட அறிஞர் அறிந்தால் வியப்பர் என்றே எண்ணுகிறோம்.

நம் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரிலே முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும், வெட்டிய கல்வெட்டுகளை அறியாதார் இலர். குடத்தில் இட்ட ஓலையை எடுப்பதற்கு, உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாத ஒரு சிறுவனை அச்சபை நியமித்தது. எடுப்பது அவன் கை, தேர்வோ அவனுடையதன்று. செய்யும் கைக்கும் எண்ணும் மனத்துக்கும் இடையே வழி அடைந்து கிடக்கலாம் என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இவ்வூர்ப் பெரியோர் ஆட்சிமுறையிலேயே பயன்படுத்திக்கொண்டனர்.

இனி அத்தீர்ப்புக்கு வருவோம். சித்தசுவாதீனமின்மை என்னும் சட்டச் சொல் நாம் வழங்கும் 'பைத்தியம்' என்பதைவிட விரிந்தது என்பதை ஒப்புக்கொள்கிறோம். 1860இல் ஆக்கிய அச்சட்டத்தில் உறங்குபவருக்கெனத் தனி இருக்கை இல்லை. ஆகவே அருகிலிருந்த இருக்கையில் அவரை அமர்த்தினர். அப்பிரிவு 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவாக அமர்ந்திருக்கிறது, இருக்கை மாறவில்லை. 1991இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறக்கநடையைப் பித்தின் பாற்பட்டதாகவே கொண்டது. ஆனால் 1992இல் கனடா நாட்டின் உச்சநீதிமன்றம் வேறு வழி சென்றது. 1987இல் ஓர் இளைஞர் இரவில் எழுந்து, இருபது கிலோமீட்டருக்கும் மேல் காரோட்டிச் சென்று, மனைவியின் பெற்றோரைத் தாக்கி, மாமியாரைக் கொன்றுவிட்டார். அவரை விடுவித்த தீர்ப்பை உறுதி செய்த அந்நீதிமன்றம், அவர் நிலை மனநோயன்று, உறக்கமே என்று கொண்டது. மூவரை மூவராகவே எண்ணிய அந்தப் பழைய கணக்குக்கு இத்தீர்ப்பே நெருங்கி நிற்கிறது. இது சொல்லாராய்ச்சி மட்டுமன்று. பித்தின் அடிப்படையில் விடுதலை பெற்றவரைக் காவலில் வைக்கும்படி ஆணையிட நீதிமன்றத்துக்கு அதிகாரமுண்டு. ஊர் இடும் காவலோ அதனினும் நீண்டது.

இலக்கியத்தில் உறக்கநடை என்றதும் படித்தவர் நினைவுக்கு வருவது ஷேக்ஸ்பியரின் மாக்பெத் நாடகம். பம்மல் சம்பந்த முதலியார் அதனை 'மகபதி' எனத் தமிழாக்கினார். மன்னனைக் கொல்லக் கணவனைத் தூண்டிய அரசி, ஐந்தாம் அங்கத்தில் விளக்கேந்தி உறக்கத்தில் நடந்து வருகிறாள். இல்லாத இரத்தக் கறையை இடையறாது கழுவுகிறாள். மேடையில் இக்காட்சிக்கு நிகராவன சிலவே. ஆயினும் இதன் புகழே ஒரு தீங்கையும் விளைத்துவிட்டது என்பது நம் கருத்து. உறக்கத்தில் நடப்பவர் உள்ளே எதையோ மறைப்பவர், கால்கள் அவருடைய இரகசியத்தைக் கக்குகின்றன என்னும் எண்ணம் படித்தோர் மனத்தில் இதனாலேயே வேரூன்றிற்று.

நாடகத்தைப் பொறுமையாகப் படித்தால் ஷேக்ஸ்பியர் அவ்வளவு எளிதாக முடிவுகட்டவில்லை என்பது புலனாகும். உறக்கத்தில் நடந்தவர் சிலர் தூய்மையாக வாழ்ந்து படுக்கையில் நல்ல முறையில் இறந்ததையும் தாம் கண்டதுண்டு என்று அங்கேயே மருத்துவர் கூறுகிறார். அவ்வரியை எவர் நினைவில் வைத்திருக்கிறார்? தன்னைத் தானே வருத்திக்கொள்ளக் கூடிய பொருள்களை அவளிடமிருந்து அகற்றுங்கள், கண்காணித்திருங்கள் என்பது அவர் செவிலிக்கு இடும் கட்டளை. இன்றைய மருத்துவரும் அதைத்தான் சொல்வார். அச்செவிலி இன்னும் நுட்பமானவள். அரசி உறக்கத்தில் என்ன பேசினாள் என்று மருத்துவர் கேட்கும்போது, தன் சொல்லை உறுதிப்படுத்தச் சாட்சி இல்லாததால் கூறமாட்டேன் என்று மறுத்துவிடுகிறாள். சான்றின்மை என்னும் சிக்கல் ஏறத்தாழ 1606லேயே மேடையேறிவிட்டது. கறையைக் கழுவிய கையைக் கண்ட உலகம் வாயை மூடிய அச்செவிலியைக் காணவில்லை.

மாக்பெத் அரசியினும் நம் இல்லங்களுக்கு நெருக்கமானவள் ஆமினா என்னும் சிற்றூர்ப் பெண். இத்தாலியரான பெல்லினி இசையமைத்து 1831இல் மிலான் நகரில் அரங்கேறிய 'லா ஸொன்னாம்புலா' என்னும் இசைநாடகத்தின் தலைவி அவள். அதன் இசையைப் பற்றிப் பேச நமக்குத் தகுதியில்லை. கதையைப் பற்றிப் பேசலாம். சுவிஸ் நாட்டுச் சிற்றூர் ஒன்றில் தாய் தந்தையற்ற அப்பெண்ணுக்கு மணம் நிச்சயமாகிறது. ஊரில் இரவுதோறும் வெள்ளையுடுத்த பேயொன்று உலவுவதாகப் பேச்சு. ஒருநாள் இரவு, விடுதியில் தங்கிய ஓர் அயலாரின் அறையினுள்ளே உறக்கத்திலேயே ஆமினா நடந்து சென்றுவிடுகிறாள். ஊர் கூடுகிறது, மணமகன் மோதிரத்தைப் பறித்துக்கொள்கிறான். உறக்கத்தில் நடக்கும் நிலை ஒன்றுண்டு என்று அந்த அயலார் எடுத்துரைத்தும் ஒருவரும் நம்பவில்லை. இறுதியில் ஆலைச் சக்கரத்துக்கு மேலே, ஆபத்தான ஒடுங்கிய வழியில் அவள் உறக்கத்தோடு நடந்து வருவதை ஊரார் அனைவரும் மூச்சடக்கிக் கண்ட பின்னரே மோதிரம் திரும்புகிறது.

பேய் என்று அஞ்சிய வாயே மறுநாள் ஒழுக்கங்கெட்டவள் என்றும் கூசாமற் சொல்கிறது. இடையில் உறங்குபவள் என்ற ஒரு சொல்லுக்கு அவ்வாயில் இடமில்லை. அயலூரார் கதையேயாயினும், நம் பக்கத்துத் தெருவிற் கேட்ட பேச்சுப்போலவே அது ஒலிக்கிறது. இக்கதையின் குறையையும் சொல்லிவிட வேண்டும். அவளுடைய தூய்மைக்குக் கிடைத்த சான்று, அவள் உயிரைப் பணயம் வைத்ததனாலேயே கிடைத்தது. சக்கரத்தில் விழுந்திருந்தால்? ரசிகர் கைதட்டும் இடத்தில் நமக்கு நெஞ்சு நடுங்குகிறது.

நம் திரைப்படங்களைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. கண்ணை மூடி, இரு கைகளையும் முன்னே நீட்டி, மரப்பாவைபோல் நடப்பது அங்கே நகைச்சுவைக்குரிய உத்தி. வெள்ளைச் சேலையும் காற்சிலம்பொலியும் சேர்த்தால் பேய்ப்படத்துக்குரிய உத்தி. மெய்யாக உறக்கத்தில் நடப்பவரின் கண்கள் திறந்திருக்கும். கைகளை நீட்டார். கதவுத் தாழை நீக்குவார், படியிறங்குவார், சிலவேளை கேட்டதற்கு ஒரு சொல்லில் விடையும் தருவார். பார்ப்பவர் விழித்திருக்கிறார் என்றே நினைப்பர். குகைத் தோழரைக் கண்டால் அவர்கள் உறங்கிய நிலையிலும் விழித்திருப்பவராகவே எண்ணுவீர் என்று சூரத்துல் கஹ்பு கூறுவதை ஓதியவர்களுக்கு, தோற்றம் இவ்வாறு ஏமாற்றக்கூடும் என்பது புதிதன்று.

உறக்கம் ஒரே தன்மையானதன்று என்பது 1953இல் சிக்காகோவில் கண்கள் விரைந்தசையும் கனவுறக்கத்தைக் கண்டறிந்தபோது தெளிவாயிற்று. உறக்கத்தில் நடப்போர் கனவைத்தான் நடித்துக் காட்டுகின்றனர் என்ற பழைய எண்ணம், 1965இல் மூளையின் மின்னலைகளை இரவு முழுதும் பதிவு செய்த ஆய்வினால் ஆட்டங்கண்டது. நடை தொடங்கியது கனவுறக்கத்திலன்று, மிக ஆழ்ந்த உறக்கத்தில். அதனாலேயே இது பெரும்பாலும் இரவின் முதற்பகுதியில், படுத்த ஓரிரு மணி நேரத்தில் நிகழ்கிறது. 2000ஆம் ஆண்டில் ஓர் இளைஞன் உறக்கத்தில் நடக்கும்போதே அவன் மூளையின் இரத்த ஓட்டத்தைப் படமெடுத்தனர். உடலியக்கத்தோடு தொடர்புடைய சில பகுதிகள் விழித்திருந்தன. ஆராய்ந்து முடிவெடுக்கும் முன்பகுதி உறங்கிக் கிடந்தது. பாதி வீட்டில் விளக்கெரிய, பாதி வீடு இருளில் இருப்பதுபோன்ற நிலை. கனவுச் சாயலே இதில் கிடையாது என்றும் சொல்வதற்கில்லை. வளர்ந்தவருள் சிலர் ஏதோ ஆபத்தினின்று தப்பி ஓடியதாக மங்கலாக நினைவு கூர்வதுண்டு.

சிறுவரிடம் இது மிகுதி. விடுதி மாணவருடன் பல இரவுகளைக் கழித்த ஆசிரியர் எவரும் இதனைக் கண்டிருப்பர். வயது ஏற ஏறத் தானே மறைந்துவிடும். வளர்ந்தோரில் நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவர், ஓராண்டுக் காலத்தில் ஒருமுறையேனும் உறக்கத்தில் நடந்தவர் என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் மதிப்பிட்டனர். குடும்பவழியாக வருவதுண்டு. தூண்டிவிடுவன பல: உறக்கக் குறைவு, காய்ச்சல், மூச்சடைக்கும் குறட்டை, சில மாத்திரைகள், மனக்கவலை. மனச்சோர்வுடையோரிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது என்பதும் உண்மை. ஆனால் கவலை இதனைத் தூண்டுகிறது என்பது வேறு, இது கவலையின் வாக்குமூலம் என்பது வேறு. முன்னது மருத்துவம், பின்னது ஊர்வம்பு. நம் பகுதிச் சிற்றூர்களிலிருந்து ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் தொழிற்சாலைப் பேருந்தேறி வாரத்துக்கொரு முறை மாறும் ஷிப்டில் வேலை செய்து திரும்பும் இளைஞன் நடு இரவில் எழுந்து தெருக்கதவைத் திறந்தால், அவன் மனத்தில் என்ன இரகசியம் என்று துருவுமுன் அவன் எத்தனை மணி நேரம் உறங்கினான் என்று கேட்பதே முறை.

இந்நோயுடையோரை வருத்துவது பெரும்பாலும் நடையன்று, நாணம். உறவினர் வீட்டில் இரவு தங்க அஞ்சுவர். திருமணத்துக்கு வெளியூர் செல்ல மறுப்பர். நாம் என்ன செய்தோமோ, எவர் கண்டனரோ என்று காலையில் மற்றவர் முகத்தைப் படிப்பர். அந்நாணத்தை வளர்த்துவிடுவதில் நம் வீடுகளுக்குப் பங்குண்டு. ஜின் கோளாறு என்று ஒரு பெரியம்மா தொடங்கினால் போதும். தாயத்து, தண்ணீர் ஓதல், பிறகு ஊர் ஊராகப் பயணம். ஜின்களின் படைப்பை நாம் மறுப்பவரல்லர். ஆனால் ஒன்று உண்டென்பது, குறித்த இந்த நிகழ்ச்சிக்கு அதுவே காரணம் என்பதற்குச் சான்றாகாது. இதனைக் கிதாபு ஓதியவரே முதலில் எடுத்துச் சொல்ல வேண்டும். சொல்லத் தயங்குவது வருத்தத்துக்குரியது. கயிற்றாற் காலைக் கட்டிலோடு பிணைப்போரும் உளர். 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் ஏர்வாடியில் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியாற் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட வழியின்றி மாண்டனர், 28 உயிர்கள். பிணைப்பதைச் சட்டம் இன்று தடை செய்கிறது. உறங்குபவரைப் பித்தர் என்றெழுதிய வீடு, பித்தருக்கு இழைத்த கொடுமையையும் அவருக்கே இழைக்கும்.

பிணைக்காமற் காப்பது எளிது. உறக்கத்தில் நடப்பவரை உலுக்கி எழுப்புவதால் உயிர் போய்விடும் என்பது கட்டுக்கதை. ஆனால் திடுக்கிட்டவர் தம்மை அறியாது அடித்துவிடக்கூடும். தோளில் மெல்லக் கைவைத்து, தாழ்ந்த குரலிற் பேசிப் படுக்கைக்குத் திருப்புவதே போதும். கோடையில் மொட்டைமாடியிற் படுக்கவிடாதீர். கிராமத்தில் பாதி வயற்கிணறுகளுக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. வீட்டை ஒட்டிய கிணறாயின் இரும்பு வலையிட்டு மூடுக. கதவில் ஒரு சிறுமணி தொங்கவிட்டால் வீட்டார் விழிப்பர்.

அப்படி விழித்தவரே சான்று. 1959இல் நீதிமன்றம் கேட்டு நின்றது அத்தகைய சான்றைத்தான். எத்தனை மணிக்கு எழுந்தார், கண்கள் திறந்திருந்தனவா, அழைத்தால் என்ன செய்தார், காலையில் எதை நினைவு கூர்ந்தார் என்று குறித்துவைக்கும் வீடு மருத்துவருக்குப் பாதி வேலையைக் குறைத்துவிடுகிறது. கைப்பேசியில் எடுத்த இரண்டு நிமிடப் படம் இன்னும் நல்லது. ஆனால் அப்படத்தை உறவினர் குழுக்களில் அனுப்பிச் சிரிப்பவர், ஆமினாவின் ஊரார்க்கு உறவினர். ஐம்பது வயதைக் கடந்த பின், விடியற்பகுதியில், கனவிற் சண்டையிடுவதுபோல் கைகாலை உதறுவோர் நிலை வேறு. அது கனவுறக்கத்தின் கோளாறு. பிற்காலத்து நடுக்குவாதத்துக்கு முன்னறிவிப்பாகவும் இருக்கக்கூடும். நரம்பியல் மருத்துவரைக் காண வேண்டும். உறக்கமின்மைக்குச் 'சோல்பிடெம்' மாத்திரை உண்போர் உறக்கத்திலேயே எழுந்து நடப்பதும் உண்பதும் வண்டியோட்டுவதும் நிகழ்ந்துள்ளமையால், 2019இல் அமெரிக்க மருந்துத் துறை அதன் உறையில் மிகக் கடுமையான எச்சரிக்கையை அச்சிடச் செய்தது. கடையில் தாமாகக் கேட்டு வாங்கி உண்ணும் பழக்கம் நம்மூரிலும் இருக்கிறது.

இனி நிக்காஹ் பேச்சு நடக்கும் வீடுகளில் எழும் வினா: சொல்வதா, மறைப்பதா? மறைத்துவிட்டு, புகுந்த வீட்டின் முதல் மாதத்தில் மருமகள் நள்ளிரவில் முற்றத்தில் நிற்பதை மைத்துனர் காணும்படி விடுவது எவ்வகையிலும் அறிவுடைமையாகாது. இழுப்பு நோயைச் சொல்வதுபோல இதனையும் இரு தரப்புப் பெரியோர்க்கும் முன்பே சொல்லிவிடலாம். மாமியாருக்குத் தெரிந்திருந்தால் மேல்தாழ்ப்பாளை ஓர் அடி உயர்த்திப் பொருத்தச் சொல்வார். தச்சருக்கு அரைமணி நேர வேலை.